பாபுவின் சர்வீஸ் புக்கை யார் பார்ப்பது? மத்திய ஆயுதப் படை எழுத்தர்களின் பதவி உயர்வுத் தேக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப், ஐடிபிபி, எஸ்எஸ்பி ஆகிய ஐந்து மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்குப் பின்னால் ஓர் அலுவலகம் உண்டு. சம்பளப் பட்டியல், விடுப்புக் கணக்கு, பென்ஷன் தாள், விசாரணைக் கோப்பு எல்லாம் அங்கேதான். அந்த மேஜையில் இருப்பவர்களை ஜவான்கள் ‘பாபு’ என்பார்கள், மூத்தவரை ‘படா பாபு’. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகும் நம் பையன்கள் போன் போட்டுக் கேட்கிற கேள்விகள் மட்டும் ஓயவில்லை. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மினிஸ்டீரியல் கேடரில் படிகள் என்னென்ன?

மினிஸ்டீரியல் கேடர் என்பது அலுவலக எழுத்தர்களின் பணிப்பிரிவு. பெரும்பாலோர் நுழைவது ஹெட் கான்ஸ்டபிள் (மினிஸ்டீரியல்) பதவியில். ஏழாவது ஊதியக் குழுவின் லெவல் 4, தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.25,500. அடுத்து ஏஎஸ்ஐ, லெவல் 5, ரூ.29,200. பிறகு எஸ்ஐ, லெவல் 6, ரூ.35,400. பிறகு இன்ஸ்பெக்டர், லெவல் 7, ரூ.44,900. அதற்கு மேல் கெசட்டட் பதவி: உதவி கமாண்டண்ட், லெவல் 10, ரூ.56,100. சுருக்கெழுத்து தெரிந்தவர்கள் ஏஎஸ்ஐ (ஸ்டெனோ) ஆக லெவல் 5-லேயே நுழைகிறார்கள். ஒரு படி முந்திவிட்டதாகத் தோன்றும். ஆனால் அவர்களுடைய வரிசை இன்னும் குறுகல்.

பழைய ஆட்கள் எல்டிசி (கீழ்நிலை எழுத்தர்), யூடிசி (மேல்நிலை எழுத்தர்) என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எழுத்தர்களுக்குச் சீருடைப் பதவிப் பெயர் வருவதற்கு முன் இருந்த பெயர்கள் அவை.

தகுதிக் காலம் முடிந்து வருஷங்கள் ஆகின்றன. ஏன் இன்னும் பதவி உயர்வு வரவில்லை?

ஆள்சேர்ப்பு விதியில் ‘இத்தனை வருஷ வழக்கமான பணி’ என்று போட்டிருப்பது வரிசையில் நிற்பதற்கான டோக்கன், அவ்வளவுதான். டோக்கன் கையில் இருந்தாலும் மேலே காலியிடம் வர வேண்டும். அந்த வருஷத்துக்கான டிபிசி, அதாவது பதவி உயர்வுக் குழு, கூட வேண்டும். சீனியாரிட்டிப்படி உங்கள் பெயர் பரிசீலனை எல்லைக்குள் விழ வேண்டும். ஏபிஏஆர் (மேலதிகாரி எழுதும் வருடாந்திரப் பணி மதிப்பீட்டு அறிக்கை), மருத்துவ வகை, ஊழல் புகார் ஏதும் இல்லை என்ற விழிப்புப் பணிச் சான்று எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும்.

பதவி உயர்வு அடிப்படை உரிமை இல்லை. பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவதுதான் உரிமை. அரசியல் சாசனத்தின் 14, 16-ஆம் பிரிவுகளின்படி உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொன்னது இதையே. கோபத்தில் மனு எழுதும்போது இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் மறந்துவிடுகிறோம்.

சரி, தேக்கம் எங்கிருந்து வருகிறது? யாராவது வேண்டுமென்றே செய்கிறார்களா?

‘டைரக்டரேட்டில் ஃபைலை அமுக்கிவிட்டார்கள்’ என்பது கேண்டீனில் டீ குடிக்கும்போது சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரிய காரணங்களுக்கு முகமே கிடையாது.

முதல் காரணம், கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்தது. புதுப் பட்டாலியன்கள் எழுப்பப்பட்ட வருஷங்களில் எழுத்தர்களும் மொத்தமாகச் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே சீனியாரிட்டி. முன்னால் இருக்கும் அந்தக் கூட்டம் நகராதவரை பின்னால் இருப்பவருக்கு வழி இல்லை. அவர்கள் ஓய்வு பெறும்போது கதவு ஒரேயடியாகத் திறக்கும், பிறகு மறுபடியும் வருஷக்கணக்கில் மூடிக்கிடக்கும். சிலருக்கு ஐந்தே வருஷத்தில் நட்சத்திரம், சிலருக்குப் பதினைந்து வருஷம் ஆகியும் இல்லை என்பதற்குத் திறமையை விடச் சேர்ந்த வருஷமே பெரிய காரணம்.

இரண்டாவது, பிரமிடின் வடிவம். ஒரு பட்டாலியன் அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தர்கள் பலர், இன்ஸ்பெக்டர் இடங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. உதவி கமாண்டண்ட் (மினிஸ்டீரியல்) இடம் பெரிய தலைமையகங்களைத் தாண்டி வருவது அரிது. ஒவ்வொரு படியிலும் வாய் சுருங்கும் புனலில் தண்ணீர் தேங்காமல் என்ன செய்யும்?

மூன்றாவதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், ஐடிபிபி, எஸ்எஸ்பி படைகளில் கமாண்டண்ட் வரையிலான பதவிகளுக்கு ஓய்வு வயது 57 ஆக இருந்தது. டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2019 ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் எல்லாருக்கும் 60 ஆக்கியது. சிஐஎஸ்எஃபில் முன்பிருந்தே 60தான். அந்த உத்தரவு வந்த அன்று அலுவலகங்களில் இனிப்பு கொடுத்தார்கள், நியாயம்தான். ஆனால் 57-இல் காலியாகியிருக்க வேண்டிய நாற்காலிகள் மூன்று வருஷம் காலியாகவில்லை. இனிப்பு சாப்பிட்ட இளையவர்களில் பலருக்கு இது மறு வருஷ டிபிசியில்தான் உறைத்தது.

நான்காவது, கணினி. இ-ஆபீஸ் வந்தபின், தட்டச்சுக்கும் பதிவேட்டுக்கும் கூடுதல் இடம் கேட்டால் நிதிப் பிரிவு புருவத்தை உயர்த்துகிறது. வேலை குறைந்ததா என்றால் இல்லை. ஒரே தகவலைப் பேப்பரிலும் போர்ட்டலிலும் இரண்டு முறை ஏற்றுகிறவர்களுக்கு அது தெரியும்.

என்னோடு ஒரே நாளில் சேர்ந்த ஜிடி நண்பர் எனக்கு முன்னால் எஸ்ஐ ஆகிவிட்டார். இதைக் காட்டிக் கேட்க முடியுமா?

முடியாது. ஜெனரல் டியூட்டி தனி கேடர், தனி சீனியாரிட்டிப் பட்டியல், தனிக் காலியிடக் கணக்கு. வேறு படையில் இருக்கும் எழுத்தரோடு ஒப்பிடுவதும் இப்படித்தான். உங்கள் கேடரில், உங்களுக்குக் கீழே பெயர் இருக்கும் ஒருவர் உங்களைத் தாண்டிப் போனால் மட்டுமே அது சட்டப்படியான குறை.

எம்ஏசிபி கொடுத்துவிட்டார்கள், அப்புறம் என்ன குறை என்கிறார்கள். அது பதவி உயர்வு ஆகாதா?

ஆகாது. எம்ஏசிபி என்பது பதவி உயராமலேயே, குறிப்பிட்ட வருஷங்கள் முடிந்ததும் சம்பள லெவலை மட்டும் உயர்த்தும் திட்டம். இந்தக் குழப்பத்தை மட்டும் தீர்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும். பதவித் தேக்கம் வேறு, சம்பளத் தேக்கம் வேறு. எம்ஏசிபி இரண்டாவதற்கான மருந்து. அதை முதலாவதற்குக் கொடுத்துவிட்டு நோய் போய்விட்டது என்று கோப்பை மூடுகிறார்கள்.

1999 ஆகஸ்டில் வந்த பழைய ஏசிபி திட்டத்தில் 12, 24 வருஷங்களில் இரண்டு உயர்வு. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2008 செப்டம்பர் 1 முதல் எம்ஏசிபி: 10, 20, 30 வருஷங்களில் மூன்று உயர்வு. இடையில் வரும் பதவி உயர்வும் இந்த மூன்றுக்குள் கழிக்கப்படும். எட்டாவது வருஷத்தில் ஏஎஸ்ஐ ஆகிவிட்டீர்கள் என்று வையுங்கள். முதல் உயர்வு அதிலேயே தீர்ந்தது. பிறகு அதே லெவலில் பத்து வருஷம் நின்றால் 18-ஆவது வருஷத்தில் இரண்டாவது, 28-இல் மூன்றாவது.

பணம் எவ்வளவு என்று பார்க்கலாம். ரூ.25,500-இல் சேர்ந்தவர் பத்து இன்கிரிமெண்ட் வாங்கினால் அடிப்படைச் சம்பளம் ரூ.34,300. எம்ஏசிபி வரும்போது லெவல் 4-இல் ஒரு கட்டம் நகர்த்தி 35,300 ஆக்குவார்கள். லெவல் 5-இல் அதற்குச் சமமான கட்டம் இல்லை, அடுத்தது 35,900. ஆகப் பத்து வருஷம் காத்திருந்ததற்கு அடிப்படையில் ரூ.1,600. பஞ்சப்படியும் வீட்டு வாடகைப்படியும் இதன்மேல் ஏறும் என்பதால் அற்பம் என்று தள்ள மாட்டேன். ஆனால் மேஜை அதேதான், வேலை அதேதான், தோளில் இருப்பதும் அதேதான்.

இன்னொன்று உண்டு. இரண்டு வருஷம் கழித்து உண்மையிலேயே ஏஎஸ்ஐ பதவி உயர்வு வந்தால் சம்பளம் மறுபடி நிர்ணயிக்கப்படாது. அந்த லெவலில்தான் ஏற்கெனவே இருக்கிறீர்களே. நட்சத்திரம் வரும், இடமாற்றம் வரும், பணம் வராது. ‘ப்ரமோஷன் வந்தும் சம்பளம் ஏறவில்லை, பில் தப்பு’ என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் நிறைய. பில் போட்டவரே பாபு, சண்டைக்கு வந்தவரும் பாபு!

முப்பது வருஷம் ஹெட் கான்ஸ்டபிளாகவே இருந்துவிட்டால்?

மூன்று எம்ஏசிபியும் சேர்ந்து லெவல் 7 வரை கொண்டுபோகும். அதாவது இன்ஸ்பெக்டரின் சம்பள லெவல், ஹெட் கான்ஸ்டபிளின் பட்டை. அவ்வளவு தூரம் ஒருவரும் போக மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

இன்ஸ்பெக்டரின் அடுத்த பதவி லெவல் 10. அப்படியென்றால் எம்ஏசிபியும் லெவல் 10-இல் தர வேண்டாமா?

பழைய ஏசிபியில் அடுத்த பதவியின் சம்பளம் கிடைத்தது. எம்ஏசிபியில் சம்பள அட்டவணையின் அடுத்த படி மட்டுமே. ஆகவே லெவல் 7-இல் இருக்கும் இன்ஸ்பெக்டருக்கு லெவல் 8 (தொடக்கம் ரூ.47,600) கிடைக்கும். 10 கிடைக்காது. இதை எதிர்த்துப் பல வருஷம் வழக்குகள் நடந்தன, சில உயர் நீதிமன்றங்கள் ஊழியர் பக்கம் நின்றன. 2020 மார்ச்சில் எம்.வி. மோகனன் நாயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்த்துவிட்டது. இதே வாதத்தோடு இப்போது வழக்கு போடலாம் என்று யாராவது ஃபீஸ் கேட்டால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

பதவி உயர்வோடு தூர இடத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் விலை தெரிந்து கொடுங்கள். பொதுவாக ஒரு வருஷத்துக்குப் பெயர் மறுபடி எடுக்கப்படாது. அதற்குள் உங்களுக்குக் கீழே இருந்தவர்கள் மேலே போய் சீனியர் ஆகிவிடுவார்கள். இதைவிடக் கனமானது இன்னொன்று: எம்ஏசிபிக்கான காலம் நிறைவதற்கு முன்னால் பதவி உயர்வை மறுத்தால் அந்த எம்ஏசிபியும் கிடையாது. ‘வாய்ப்பே இல்லாமல் தேங்கியவருக்குத்தானே இந்த உயர்வு, வந்ததை வேண்டாம் என்றவருக்கு எதற்கு?’ என்பது அரசின் வாதம். ஏசிபி திட்டத்தில் இதே பிரச்சினை வந்தபோது 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

எம்ஏசிபி கையில் வாங்கியபின் மறுத்தால், வாங்கியதைத் திரும்பப் பிடிக்க மாட்டார்கள். ஆக, எழுதிக் கொடுக்கும் தேதிதான் முக்கியம். மனைவியோடு பேசுவதற்கு முன் சர்வீஸ் புக்கில் (பணிப் பதிவேட்டில்) சேர்ந்த தேதியைப் பாருங்கள் என்று சொல்வேன். என் வீட்டில் இதைக் கேட்டால் அடி விழும்.

ஏபிஏஆரில் ‘நன்று’ போட்டிருக்கிறார்கள். நன்று என்றால் நல்லதுதானே?

இல்லை! 2016 ஜூலை 25 முதல் எம்ஏசிபிக்கான அளவுகோல் ‘மிக நன்று’. எண்ணில் சொன்னால் பத்துக்கு 6-ம் அதற்கு மேலும். 5.8 போட்டால் திட்டியதுபோல் தெரியாது, ஆனால் அந்த ஓர் எண் உங்கள் பத்து வருஷத்தைத் தள்ளிப்போடலாம்.

2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாதகமானது மட்டுமல்ல, எல்லா மதிப்பீட்டையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்றது. 2009 மே மாத அரசாணைப்படி ஏபிஏஆர் முழுவதையும் உங்களிடம் தர வேண்டும். கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் முறையீடு செய்யலாம். பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆபீசரோடு எதற்கு வம்பு என்ற பயம் எனக்கும் இருந்தது. முறையீட்டில் ஆபீசரைத் திட்ட வேண்டியதில்லை. அந்த வருஷம் முடித்த வேலைகளைத் தேதியோடு எழுதி, மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்யக் கேட்டால் போதும். அலுவலகக் கடிதம் எழுதுவதுதானே நம் தொழில்.

மேஜை வேலைக்கு ஷேப்-1 எதற்கு?

சீருடை போட்டாகிவிட்டது, ஆகவே மருத்துவ வகையும் கூடவே வரும். மனநலம், செவி, கைகால், உடல் திறன், கண் என்ற ஐந்தும் முதல் தரத்தில் இருந்தால்தான் ஷேப்-1. பதினைந்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து, இரவு பதினொரு மணிக்குச் சம்பள பில்லை முடித்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வாங்கியபின் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வரும். மருத்துவப் பரிசோதனையில் வகை இறங்கும், பெயர் நிற்கும். இந்தக் கேடரின் மிகக் கொடுமையான முரண் இதுதான். ஜவானுக்குக் காலையில் பி.டி. (உடற்பயிற்சி) கட்டாயம், பாபுவுக்கு ‘ஃபைல் அவசரம், நீ ஆபீசுக்கு வா’ என்ற சலுகை. அந்தச் சலுகைக்குப் பின்னால் பில் வரும். தற்காலிகமாக இறங்கிய வகையாக இருந்தால் மறுபரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

ஒரு துறை விசாரணை நடக்கிறது. பெயர் போய்விடுமா?

குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கப்பட்டிருந்தாலோ, இடைநீக்கத்தில் இருந்தாலோ முடிவை மூடிய உறையில் வைப்பார்கள். குற்றமற்றவர் என்று தீர்ந்தால் உறையைத் திறந்து ஜூனியர் உயர்ந்த தேதியிலிருந்தே கணக்கில் கொள்வார்கள். குறிப்பாணையே தராமல் ‘விசாரணை வரப்போகிறது’ என்று மட்டும் சொல்லி உறையில் போடக்கூடாது. 1991-இன் ஜானகிராமன் தீர்ப்பு சொல்வது இது.

சங்கம் வைத்துக் கேட்க முடியாதா? ஆர்டிஐ போடலாமா?

சங்கம் கிடையாது. அரசியல் சாசனத்தின் 33-ஆம் பிரிவு ஆயுதப் படையினரின் இந்த உரிமையைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ரயில்வேயிலோ தபால் துறையிலோ உள்ள எழுத்தருக்கு யூனியன் இருக்கிறது. அதே வேலை பார்க்கும் நமக்கு இல்லை.

ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) சட்டத்தின் 24-ஆம் பிரிவும் இரண்டாம் அட்டவணையும் இந்தப் படைகளுக்கு விலக்கு தருகின்றன. ஊழல், மனித உரிமை மீறல் புகார் தொடர்பான தகவல் மட்டுமே விதிவிலக்கு. டிபிசி குறிப்பைக் கேட்டால் பெரும்பாலும் 24-ஐக் காட்டித் திருப்பிவிடுவார்கள். சிபிகிராம்ஸ் என்ற மத்திய அரசின் குறைதீர் போர்ட்டலும் துறைக்குள் உள்ள வழிகளை முடிக்காத பணி விவகாரங்களை எடுப்பதில்லை.

மிச்சம் இருப்பது சைனிக் சம்மேளன் (படையினர் அதிகாரியிடம் குறை சொல்லும் கூட்டம்), கமாண்டண்டிடம் நேர்காணல், முறையான வழியில் எழுத்து மனு. சம்மேளனில் எழுந்து கேட்டால் ‘நோட் செய்துகொள்’ என்பார்கள். நோட் செய்துகொள்கிறவரும் நம் ஆள்தான். ஆகவே மனு கொடுங்கள், பதிவு எண் வாங்குங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை இருக்கட்டும். விதியின் எண், உங்கள் சீனியாரிட்டி எண், தாண்டிப் போன ஜூனியரின் எண் மூன்றும் இருந்தால் ஒரு பக்கம் போதும்.

நீதிமன்றம் போவதென்றால் எங்கே? எத்தனை நாளுக்குள்?

சிவில் அரசு ஊழியர்போல் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகாதீர்கள். 1985-ஆம் வருஷச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு ஒன்றியத்தின் ஆயுதப் படையினரை அதன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. நமக்கு உயர் நீதிமன்றத்தில் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனுதான்.

காலம் பற்றிக் கேட்டால், 1974-இல் பி.எஸ். சதாசிவசாமி என்ற தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: ஜூனியர் தாண்டிப் போனால் ஆறு மாதத்துக்குள், மிஞ்சிப்போனால் ஒரு வருஷத்துக்குள் வர வேண்டும். பத்து வருஷமாக மனுமேல் மனு போட்டுக்கொண்டிருந்தேன் என்பது சாக்காகாது.

ஜூனியர் யாரும் தாண்டவில்லை, காலியிடமே இல்லை என்றால் நீதிமன்றம் பதவியை உருவாக்கித் தராது. ஆனாலும் 1988-இல் ரகுநாத் பிரசாத் சிங் வழக்கில், பீகார் காவல்துறையின் வயர்லெஸ் பிரிவைப் பற்றிப் பேசும்போது, ஒவ்வொரு அரசுப் பணியிலும் நியாயமான பதவி உயர்வு வாய்ப்பு இருக்க வேண்டும், தேக்கம் வேலை செய்யும் ஆசையையே கொன்றுவிடும் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் எழுதியது. மனுவில் சேர்க்கத் தகுந்த தீர்ப்பு. கேடர் அமைப்பையே மாற்றச் சொல்லும் கோரிக்கைக்கு அது பொருந்தும்.

2025-இல் உச்ச நீதிமன்றம் படைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு தந்ததே, நமக்கு உண்டா?

அந்த மே 23 தீர்ப்பு குரூப் ஏ அதிகாரிகளைப் பற்றியது. அவர்களை ஒழுங்கமைக்கப்பட்ட குரூப் ஏ பணியாக எல்லா வகையிலும் கருத வேண்டும், ஆறு மாதத்துக்குள் கேடர் மறுஆய்வு வேண்டும், ஐபிஎஸ் அயல்பணி இடங்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றது. ஹெட் கான்ஸ்டபிள் எழுத்தருக்கு அதில் நேரடியாக ஒன்றுமில்லை. வாட்ஸப்பில் வருவதை நம்பாதீர்கள்.

அப்படியானால் நமக்கு எது வழி?

கேடர் ரிவ்யூ. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் பொது வழிகாட்டுதல். நடைமுறையில் நீளும். மேலே நான்கு இடம் கேட்டால் கீழே எத்தனை இடத்தை விட்டுக்கொடுப்பாய் என்று நிதி அமைச்சகம் கேட்கும், ‘மேட்சிங் சேவிங்ஸ்’ என்பார்கள். கீழே ஆள் குறைந்தால் வேலை யார் தலையில் விழும் என்பது உங்களுக்கே தெரியும். அதையும் மீறிச் செய்யத்தக்கது இதுதான் என்பது என் எண்ணம், ஏனென்றால் புனலின் வாயை அகலமாக்குவது இது ஒன்றே. இதற்கான புள்ளிவிவர அட்டவணைகளைத் தயாரிப்பவர்களும் பாபுக்களே. அதை மற்ற ரிட்டர்ன்களைப்போல் போன வருஷத் தாளைப் பார்த்து நகல் எடுத்து அனுப்பாதீர்கள்.

வேறு தேர்வு எழுதிப் போய்விடலாமா?

வயது இருந்தால் எழுதுங்கள். முறையான அனுமதியோடு விண்ணப்பித்து, டெக்னிக்கல் ரெசிக்னேஷன் (வேறு அரசுப் பணியில் சேர்வதற்காகக் கொடுக்கும் ராஜினாமா) கொடுத்துப் போனால் பழைய பணியின் சலுகைகள் தொடரும். அனுமதி வாங்காமல் எழுதிவிட்டு, தேர்வானபின் ஓடிவருகிறார்கள், அங்கேதான் சிக்கல்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஏதாவது?

உங்கள் சர்வீஸ் புக்கை எடுங்கள். நூறு பேருடைய புத்தகத்தைத் தினமும் புரட்டுகிறீர்கள், உங்களுடையதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சேர்ந்த தேதி, நிரந்தரமாக்கிய உத்தரவு, தேர்ச்சி பெற்ற பயிற்சி வகுப்புகள், எம்ஏசிபி தேதி, வருடாந்திர சரிபார்ப்புக் கையெழுத்து எல்லாம் இருக்கிறதா? தகுதி கணக்கிடும் நாள் ஜனவரி 1. அதற்குள் ஒரு பயிற்சி வகுப்பின் பதிவு விடுபட்டிருந்தால் அந்த வருஷம் போச்சு.

என்னுடையதில் ஒரு கோர்ஸ் முடித்த பதிவு இரண்டு வருஷம் ஏறவில்லை. அந்தப் பக்கத்தில் பதிவு செய்ய வேண்டிய மேஜையில் அப்போது உட்கார்ந்திருந்தவன் நான்தான்.